எவால் பாரை மூடிவிட்டு ஆட்டம் பாருங்கள்

பாளையங்கோட்டையில் என்னிடம் செஸ் பழக வரும் பிள்ளைகள் பெரிய போட்டிகளை நேரலையில் விடாமல் பார்க்கிறார்கள். திரை ஓரத்தில் எவால் பார் என்று ஒரு பட்டை ஏறி இறங்கும்; யார் கை ஓங்கியிருக்கிறது என்று என்ஜின், அதாவது செஸ் கணிக்கும் கணினி நிரல், அதில் காட்டும். பார்த்த அளவுக்கு ஆட்டம் கையில் ஏறவில்லை. அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளையேதான் இவர்களும் செய்கிறார்கள். தொட்ட காயை ஆடுவது, கடிகாரத்தைக் கவனிப்பது போன்றவற்றை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிவிடுவார். அவற்றை விடுங்கள்.

என்ஜின் சொன்னதைத் தனக்குப் புரிந்ததாக நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம், இருவருக்கும் சமமாக 6.5 புள்ளிகள். அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரனுக்கு வெள்ளை, குகேஷுக்குக் கறுப்பு. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். டிராவில்தான் முடியும் போல இருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 என்ற கட்டத்தில் வைத்தார். திரை ஓரத்துப் பட்டை அந்த நொடியே சரிந்தது.

அந்த வாரம் ஒரு பையன் வந்து, "சார், டிங் சின்னப்பிள்ளை மாதிரி விட்டுட்டாரு" என்றான்.

"சரிலே, ஏன் தோத்தாரு?"

"பார் கீழ போயிட்டு சார்."

அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பலகையில் அந்த நிலையை அடுக்கினேன். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நிற்கிறது. சாய்வாக மட்டுமே போகும் அதற்கு, மூலையில் நின்றால் ஒரே வழிதான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5இல் வைத்து அந்த வழியை அடைத்தார். டிங் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் பிஷப் போய்விடும். மிஞ்சியது ராஜாக்களும், குகேஷுக்கு இரண்டு, டிங்குக்கு ஒன்று என்று சிப்பாய்களும்.

"இதை ஜெயிச்சுக் காட்டு" என்று இரண்டு சிப்பாயை அவனிடம் கொடுத்தேன். அவசரமாகத் தள்ளினான், ஒன்றுக்கொன்று வெட்டுப்பட்டது, மிஞ்சிய சிப்பாய்க்கு முன்னால் என் ராஜா வந்து நின்றுகொண்டது. டிரா. ஆனால் குகேஷ் சிப்பாயைத் தொடவே இல்லை. டிங்கின் ராஜா இ3க்கு வந்ததும் தன் ராஜாவை இ5க்குக் கொண்டுபோனார். நேருக்கு நேர், நடுவில் ஒரு கட்டம், நகர வேண்டியது டிங். அவர் ராஜா எந்தப் பக்கம் விலகினாலும் குகேஷின் ராஜாவுக்கு வழி திறக்கும். அவர் அத்தோடு ஆட்டத்தை விட்டார். உலகமே பார்த்த அந்தப் பாடம் என் பையன் கண்ணில் படவில்லை, பட்டைதான் பட்டது.

அதை அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் திரையில் அந்த இடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டுங்கள். ஆடுகிறவர் யோசிக்கும் நேரம் முழுக்க நீங்களும் யோசியுங்கள். உங்கள் நகர்த்தலையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் அவர் ஆடியதைப் பாருங்கள். என்ஜினைக் கேட்பது ஆட்டம் முடிந்த பிறகு.

ஜெயித்த ஆட்டங்களை மட்டும் பார்ப்பது

2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் குகேஷ் வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்ததை எல்லாரும் சொல்வார்கள். பத்தாவது சுற்றில், நல்ல நிலையிலிருந்து உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்ற ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். கைக்கு வந்தது எந்த இடத்தில் நழுவியது என்று தேடும்போது கிடைப்பது அந்த எட்டிலும் கிடைக்காது.

ஓப்பனிங்கை மட்டும் மனப்பாடம் செய்வது

ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை அப்படியே ஒப்பித்தால், எதிராளி ஒன்றை மாற்றினால் போச்சு.

பலகை இல்லாமல் பார்ப்பது

பக்கத்தில் பலகையை விரித்து, காயைக் கையால் எடுத்து வையுங்கள்.