குழாயில் கரு தங்கிய பிறகு செய்யும் தவறுகள்

"அதான் குழாயையே எடுத்தாச்சே, இனி எதுக்கு டெஸ்ட்டு?" கருப்பைக்குப் பதிலாகக் கருக்குழாயில் கரு தங்கி, ஆபரேஷன் முடிந்து வந்த வீடுகளில் இந்தப் பேச்சு எழும். முதல் தவறு அதுதான். கரு அங்கே சிக்கப் பல காரணங்கள் உண்டு. உடலுறவில் தொற்றும் கிளமிடியா என்ற கிருமி அதில் முக்கியமானது. அது குழாயின் உள்ளே தழும்பை உண்டாக்கும். மிச்சமிருக்கும் குழாயிலும் தழும்பு இருக்கலாம்.

பெரும்பாலான பெண்களுக்கு இந்தக் கிருமி எந்த அறிகுறியும் காட்டாது. காட்டினாலும் நம் கடற்கரையில் வேறு காரணம் தயாராக இருக்கும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கிற பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால், "உப்புத் தண்ணியிலேயே கிடந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்று முடித்துவிடுகிறோம். சிறுநீரையோ பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியையோ சோதித்தால்தான் தெரியும்.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, மனைவி மட்டும் மருந்து சாப்பிடுவது. கர்ப்பமில்லாதவர்களுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் 2 வேளை, 7 நாள் தருவார்கள். அவள் ஒழுங்காக முடித்திருப்பாள். போட்டில் போனவரோ வளைகுடாவில் இருப்பவரோ மருந்தே எடுக்காமல் வீடு திரும்பினால் கிருமியும் திரும்பும். அவருக்கும் சிகிச்சை வேண்டும். இருவரும் முடிக்கும்வரை உறவு கூடாது. 3 மாதம் கழித்து மறுபரிசோதனை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆள் கரையில்தான் இருப்பார். மற்ற மாதங்களில் கரை சேர்ந்த அன்றே கூட்டிப் போங்கள். 'யாரால் வந்தது' என்று சண்டை போட வேண்டாம். தொற்று எப்போது வந்தது என்று அந்த ரிப்போர்ட் சொல்லாது, பல மாதம் முந்தியதாகவும் இருக்கலாம்.

மாத்திரை கிருமியைக் கொல்லும், தழும்பைக் கரைக்காது. அதனால் சிகிச்சை முடிந்துவிட்டதே என்று வருடக்கணக்கில் காத்திருக்காமல், குழாய் திறந்திருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே பார்க்கலாமா எனக் கேளுங்கள். நீர் கோத்து வீங்கிய குழாயை அப்படியே விட்டுவிட்டு டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போனால் பலன் குறையும். ஆபரேஷன் இல்லாமல் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியில் கருவைக் கரைத்தவர்கள் குறைந்தது 3 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

அப்புறம், "மூணு மாசம் போகட்டும், வெளியே சொல்ல வேணாம்" என்கிற பழக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி; டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஒருமுறை இப்படி ஆனவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மறுபடியும் குழாயில் தங்கும். நாள் தள்ளியதும் போய், கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணி 6 வாரத்தில் ஸ்கேன் எடுங்கள். அதற்குள் ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.