ஆளுக்கொரு பாட்டில் ஒயின் விருந்து: நடத்துறவங்க பண்ற தவறுகள்

போன மாசம் சிங்கப்பூர்லயே ஒரு புது குரூப்போட ஒயின் விருந்துக்குப் போயிருந்தேன். கோண்டோ வீடு, எட்டு பேர், எல்லாரும் முப்பது வயசை ஒட்டின பிள்ளைங்க, ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வரணும். ஆர்வம்னா அப்படி ஒரு ஆர்வம், ஒவ்வொருத்தரும் அவங்க பாட்டிலைப் பத்தி படிச்சிட்டு வந்திருந்தாங்க, எனக்குப் பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா முதல் பாட்டிலைத் திறந்ததுல இருந்து, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் பண்ணின ஒவ்வொண்ணையும் வரிசை மாறாம பண்ணாங்க. விருந்தாளியா போன இடத்துல எழுந்து நின்னு பாடம் எடுக்க முடியாதுல்ல, அதனால இங்க எழுதுறேன். கிளாஸை நல்லா கழுவி வைங்க, கார்க் திருகி மறந்துடாதீங்கங்கிற மாதிரி சமாச்சாரத்தை எல்லாம் சொல்லப் போறதில்ல, அது ஒரு தடவை மாட்டினா தானா பழகிடும்.

"உங்களுக்குப் பிடிச்சதைக் கொண்டு வாங்க"ன்னு சொல்றது

கேக்க நல்லாத்தான் இருக்கும். நான் நடத்தின முதல் விருந்துக்கு இப்படிச் சொல்லித்தான் கூப்பிட்டேன், எட்டுல ஆறு பேர் ஆஸ்திரேலியா பரோசா பக்கத்து ஷிராஸ் சிவப்பு ஒயின் கொண்டு வந்தாங்க, ஒவ்வொண்ணும் 15 சதவீதம் ஆல்கஹால், மூணாவது கிளாஸுக்கு மேல நாக்குக்கு எதுவும் தெரியல. இப்பல்லாம் ஒரு மாசம் முன்னாடியே ஒரு கயிறு கட்டிடுவேன். ஒரே திராட்சை, பல ஊர். இல்ல ஒரே ஊர், பல வருஷம். உதாரணத்துக்கு வட இத்தாலியோட நெபியோலோ ஒரே திராட்சைதான், ஆனா அதையே பரோலோ, பார்பரெஸ்கோ, மலைச்சரிவு வால்டெல்லினான்னு மூணு இடத்துல இருந்து எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சா, மண்ணும் உயரமும் என்ன பண்ணுதுன்னு வாயே சொல்லிடும்.

விலையையும் வாய் திறந்து சொல்லிடுங்க. "60ல இருந்து 100 சிங்கப்பூர் வெள்ளிக்குள்ள"ன்னு ஒரு வரி வாட்ஸ்அப்ல போட்டா முடிஞ்சுது. சொல்லாம விட்டா ஒருத்தர் 30 வெள்ளிக்குக் கொண்டு வருவார், ஒருத்தர் 400 வெள்ளிக்குக் கொண்டு வருவார், ரெண்டு பேருக்குமே அன்னைக்கு ராத்திரி சங்கடம்.

கணக்குப் போடாம ஆள் சேக்கிறது

ஒரு பாட்டில் 750 மில்லி. பன்னெண்டு பேர் உக்காந்தா ஆளுக்கு 62 மில்லிதான், அதுவும் முதல்ல ஊத்துறவர் கை கணக்கா இருந்தா. எட்டு பேர் சரியான எண்ணிக்கை, பத்தைத் தாண்டாதீங்க. நான் பண்றது, எல்லா பாட்டிலையும் ஒரே ஆள்தான் ஊத்தணும், ஆளுக்கு 60 மில்லி, எட்டு பேருக்கு 480 போச்சு, மீதி 270 பாட்டில்லயே இருக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு அதே ஒயின் எப்படி மாறியிருக்குன்னு திரும்பி வந்து பாக்க அது வேணும், அந்த ரெண்டாவது சுத்துலதான் பாதி பேச்சே நடக்கும். இன்னொரு கணக்கும் இருக்கு, 13.5 சதவீத ஒயின் ஒரு முழு பாட்டில்ல சுத்தமான ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 80 கிராம். ஆளுக்கொரு பாட்டில்னா ஆளுக்கு அவ்வளவு உள்ள போகும்னு அர்த்தம். அதனால துப்புறதுக்கு ரெண்டு பேருக்கு ஒரு குவளை வைங்க, துப்புறது அசிங்கம் இல்ல, ருசி பாக்கிறவங்க எல்லாரும் பண்றதுதான்னு நீங்க முதல்ல துப்பிக் காட்டுங்க, அப்புறம் மத்தவங்க கூச்சப்பட மாட்டாங்க.

பழைய பாட்டிலை அன்னைக்கு சாயங்காலம் எடுத்துட்டு வரச் சொல்றது

இதைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன். போன மாசமும் கண்ணு முன்னாடி இதேதான் நடந்துச்சு, இன்னைக்கும் நினைச்சா மனசு ஆறல.

எங்க குரூப்ல ஒரு அண்ணன் இருக்கார், என்னைவிட ரொம்ப மூத்தவர். அவர் மக 1990ல பொறந்தா. அந்த வருஷம் பிரான்ஸ்ல ஒயினுக்குப் பேர் போன போர்டோவுல நல்ல வெயில் அடிச்சு, பேர் வாங்கின வருஷம். மக பொறந்த வருஷம்னு அங்க மெடோக் பக்கத்து ஒயின் ரெண்டே ரெண்டு பாட்டில் வாங்கி, குளிர் கிடங்குல வாடகை கட்டி வருஷக்கணக்கா வச்சிருந்தார். அதுல ஒண்ணை எங்க எல்லாருக்காகவும் கொண்டு வர்றேன்னார். அன்னைக்கு விருந்து எங்க வீட்டுல. "அண்ணே, ஏழு மணிக்குக் கையோட எடுத்துட்டு வாங்க, போதும்"னு நான்தான் சொன்னேன். அவரும் மத்தியானம் கிடங்குல இருந்து எடுத்து, துணிப்பையில வச்சு, பஸ் ஏறி, எம்ஆர்டி ரயில் மாறி, எங்க புளோக் வரைக்கும் நடந்து கொண்டு வந்தார்.

வாங்கின கையோட கார்க் திருகியைப் போட்டேன். பாதி கார்க் கையோட வந்துச்சு, பாதி உள்ள உதிர்ந்துச்சு. அப்படியே டிகான்டர்ல, அதான் ஒயினை மாத்தி ஊத்துற கண்ணாடிக் குடுவையில, கடைசிச் சொட்டு வரைக்கும் கவுத்து, பெரிய ஒயினுக்குக் காத்து வாங்க நேரம் குடுக்கணும்னு எங்கயோ படிச்சதை நம்பி ரெண்டரை மணி நேரம் மேசை மேல வச்சேன். மெயின் சாப்பாட்டோட ஊத்தினா, கலங்கின குட்டைத் தண்ணி மாதிரி, செங்கல் நிறத்துல, நாக்குல மாவு ஒட்டின மாதிரி, ஒரே கசப்பு, வாசனைன்னு ஒண்ணுமே மிச்சம் இல்ல. யாரும் ஒண்ணும் பேசல. அண்ணன்தான் "பரவால்ல தம்பி, பழசுதானே"ன்னார். அது பழசானதால அப்படி ஆகல, நான் கெடுத்ததால ஆச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது, தெரிஞ்சப்புறம் கொஞ்ச நாள் அவர் முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

என்ன நடந்துச்சுன்னா, சிவப்பு ஒயின்ல திராட்சைத் தோல்ல இருந்து வந்த டேனின்ங்கிற துவர்ப்புப் பொருளும் நிறமும் வருஷக்கணக்குல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கனத்து, கீழ படியும். பில்டர் காபி டிகாஷன் அடியில மண்டி நிக்கும்ல, அதே மாதிரிதான். பாட்டில் படுத்தே இருந்ததால மண்டி பூராவும் ஒரு பக்கச் சுவர்ல ஒட்டியிருக்கும். அதைத் தூக்கி நிறுத்தி, பஸ்ல குலுக்கினா மண்டி முழுசும் ஒயின்ல கலந்துடும், கலந்தது ஒரு மணி நேரத்துல எல்லாம் இறங்காது, நாள் கணக்காகும். போர்டோ மண்டியாவது கொஞ்சம் பருமன். பிரான்ஸோட இன்னொரு ஒயின் பகுதி பர்கண்டி, அப்புறம் பரோலோ, இதுல எல்லாம் தூசி மாதிரி மெல்லிசா இருக்கும், இன்னும் மெதுவாத்தான் இறங்கும்.

அதனால இருபது வருஷத்தைத் தாண்டின சிவப்பு ஒயின் எதுவா இருந்தாலும் விருந்து நடக்கிற வீட்டுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே வந்துடணும். வந்ததும் குளிர்ச்சியான இருட்டான இடத்துல நிக்க வச்சிடணும், அப்புறம் தொடக்கூடாது, "லேபிள் பாக்கிறேன்"னு யாராவது எடுத்தாலும் விடாதீங்க. திறக்கிறதுக்குத் திருகு வேண்டாம், பழைய கார்க் ஊறின ரஸ்க் மாதிரி இருக்கும், ரெண்டு தகடு வச்ச ஆ-ஸோன்னு ஒண்ணு விக்குது, தகடை ரெண்டு பக்கமும் மெதுவா ஆட்டி ஆட்டி இறக்கி, சுத்திக்கிட்டே இழுத்தா முழுசா வரும். ஊத்தும்போது பாட்டில் கழுத்துக்குக் கீழ போன் டார்ச்சை வச்சு, ஒரே மூச்சுல, நடுவுல நிமித்தாம ஊத்தணும், கறுப்பா ஒரு இழை கழுத்துக்கு வர்றதைப் பாத்ததும் நிறுத்திடணும். அடியில ரெண்டு விரல் அளவு போகும், போகட்டும். அதை மிச்சம் பிடிக்கப் போய்தான் நிறைய பேர் மொத்தத்தையும் கெடுக்கிறாங்க.

காத்து வாங்குற விஷயத்துலயும் இதே குழப்பம்தான். அஞ்சு வயசு பரோலோ ரெண்டு மூணு மணி நேரம் டிகான்டர்ல இருந்தா இளகும், நல்லது. முப்பது வயசு ஒயினுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது, மண்டியைப் பிரிக்கிறதுக்காக மட்டும்தான் டிகான்டர், ஊத்தினதும் கிளாஸுக்குப் போயிடணும்.

முன்னாடியே கொண்டு வரவே முடியாதுன்னா ஒரு வழி இருக்கு. பாட்டில்காரர் அவர் வீட்டுலயே நிக்க வச்சு, கிளம்புற நேரத்துல டிகான்டருக்கு மாத்தி, பாட்டிலை நல்ல தண்ணியில அலசிக் கவுத்து வடியவிட்டு, தெளிஞ்ச ஒயினைத் திரும்ப அதுலயே ஊத்தி, கார்க் போட்டு எடுத்துட்டு வரலாம். ரொம்ப வயசான பாட்டிலுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், ஆனா பஸ்ல குலுங்கி வர்றதுக்கு இது எவ்வளவோ மேல்.

அண்ணனோட ரெண்டாவது பாட்டிலை மூணு வருஷம் கழிச்சுத் திறந்தோம். கேக்கவே எனக்குத் தயக்கமா இருந்துச்சு, அவராத்தான் குடுத்தார். திங்கக்கிழமை வந்துச்சு, சனிக்கிழமை வரைக்கும் அசையல. சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் ஊத்தினேன், கண்ணாடி மாதிரி தெளிவு. பாட்டியோட பழைய மர பீரோவைத் திறந்தா வருமே ஒரு வாசனை, கூடவே காஞ்ச புகையிலை, அதுக்குள்ள எங்கயோ இன்னும் கறுப்புப் பழம். முக்கால் மணி நேரம் கிளாஸ்ல நின்னுச்சு, அப்புறம் மெதுவா மங்கிடுச்சு. அதே வருஷம், அதே கிடங்கு, அதே பெட்டியில இருந்து வந்த பாட்டில். அப்ப முதல் பாட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கணும்.

போன மாசம் ஒரு தம்பி 1996 பாட்டிலை முதுகுப் பையில படுக்க வச்சு கிராப் டாக்ஸியில கொண்டு வந்தார். "கொஞ்சம் பொறுங்க தம்பி"ன்னு நான் சொல்றதுக்குள்ள கார்க் வந்துடுச்சு.

"ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடுக்கணும்"

அந்த ரூம் நம்ம ஊர் ரூம் இல்ல. ஹீட்டர் இல்லாத காலத்து ஐரோப்பிய வீடு, 16ல இருந்து 18 டிகிரி. இங்க 30 டிகிரியில சிவப்பு ஒயினை ஊத்தினா ஆல்கஹால்தான் முதல்ல மூக்குல ஏறும், ஃப்ரிட்ஜ்ல கொஞ்சம் குளிர வச்சு எடுங்க. கார் டிக்கியில ஒயினை விட்டுட்டு ஷாப்பிங் போறவங்களை நான் விருந்துக்குக் கூப்பிடறதையே நிறுத்திட்டேன்.

சாம்பிராணி, மல்லிகைப்பூ

இதை யாரும் எங்கயும் எழுதி நான் பாக்கல, நம்ம வீடுகள்ல மட்டும் வர்ற பிரச்சினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட்ட ஹால்ல பினோ நுவார்னு ஒரு நல்ல சிவப்பு ஒயினைத் திறந்தோம், எல்லாரும் "புகை வாசனை வருது"ன்னு குறிப்பு எழுதுறாங்க, வீட்டுப் புகையை ஒயின் புகைன்னு நம்பி. மல்லிகை அதைவிடப் பெருசு, ஒரு முழம் பூ மேசைக்கு வந்தா வெள்ளை ஒயின் எல்லாமே ஒரே மாதிரி மணக்கும். சென்ட், ஆஃப்டர் ஷேவ், ஊதுபத்தி எல்லாம் இதே கணக்குதான். கூப்பிடும்போதே அன்பா சொல்லிடுங்க, வந்தப்புறம் சொன்னா மனசு நோகும்.

காரம்

மீன் தலைக் கறியோட கேபர்னே சாவினியோன்னு கனமான சிவப்பு ஒயினை வச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், மிளகாயும் டேனினும் ஆல்கஹாலும் ஒண்ணு சேந்தா வாய் எரிச்சல் ரெண்டு மடங்கு, ஒயின்ல பழம்னு ஒண்ணு இருந்த இடமே தெரியாது. காரம் இல்லாம சாப்பாடே இறங்காதுன்னா, ஜெர்மனி மோசல் பக்கத்து லேசா இனிப்பு இருக்கிற ரீஸ்லிங் வெள்ளை ஒயின் வைங்க, கபினெட்னு லேபிள்ல இருக்கும், ஆல்கஹாலும் 8, 9 சதவீதம்தான், அது நம்ம குழம்போட அருமையா நிக்கும். பெரிய சிவப்பு ஒயினுக்கு மட்டும் அன்னைக்கு ஒரு நாள் காரத்தை விட்டுக் குடுங்க. கேன்டனீஸ் வாத்து ரோஸ்ட் வாங்கி பினோவோட வச்சா போதும், சமைக்கிற வேலையும் மிச்சம்.

கெட்டுப் போன பாட்டிலுக்கு மாத்து இல்லாம இருக்கிறது

கார்க்ல டிசிஏன்னு ஒரு வேதிப்பொருள் வந்துட்டா, மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை அடிக்கும். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, ஒயினைத்தான் சாகடிக்கும். கம்மியா இருந்தா வாசனைகூடத் தெரியாது, பழ ருசி மட்டும் காணாம போயிருக்கும், அதுதான் மோசம், ஏன்னா எல்லாரும் ஒயின் இவ்வளவுதான்போலன்னு நினைச்சிடுவாங்க. கொண்டு வந்தவர் மேல எந்தத் தப்பும் இல்ல, அதை மேசையில சத்தமா சொல்லுங்க, பாவம் அவர் முகம் வாடிடும். நடத்துறவர் எப்பவும் ரெண்டு பாட்டில் கூடுதலா வச்சிருக்கணும். இள வயசு பாட்டில்களை ஒரு மணி நேரம் முன்னாடி திறந்து ஒரு வாய் பாத்துடுங்க.

லேபிளை மட்டும் மறைக்கிறது

பிளைண்டா, அதாவது எந்த ஒயின்னு தெரியாம ருசி பாக்கிறோம்னு பேப்பரை லேபிள் மேல ஒட்டி விட்டா பத்தாது. தோள் எடுப்பா இருந்தா போர்டோ பாட்டில், சரிவா இருந்தா பர்கண்டி பாட்டில், பாத்ததுமே தெரிஞ்சிடும், கழுத்து மேல இருக்கிற உறைலயே பாதி நேரம் பேர் இருக்கும். உறையை முழுசா உரிச்சு, கார்க்கை ஒளிச்சு வச்சு, அலுமினியம் ஃபாயில் சுத்துங்க, முடிஞ்சா எல்லாத்தையும் ஒரே மாதிரி டிகான்டருக்கு மாத்துங்க.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேப்பாங்க. 1976 மே 24 அன்னைக்கு பாரீஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி பிரெஞ்சு நடுவர்களை உக்கார வச்சு, பிரான்ஸ் ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் எது எந்த ஊர்னு தெரியாம ருசி பாக்க வச்சார். வெள்ளையில ஷாட்டோ மான்ட்டலீனா, சிவப்புல ஸ்டாக்ஸ் லீப், ரெண்டும் 1973, ரெண்டும் கலிஃபோர்னியா, ரெண்டும் முதலிடம். பேர் தெரிஞ்சிருந்தா அந்த நடுவர்கள் அப்படி மார்க் போட்டிருப்பாங்களா. எங்க மேசையிலயும் ஒரு தடவை பெங்களூர் பக்கத்து நந்தி மலை ஒயினை எட்டு பேர்ல அஞ்சு பேர் தென் பிரான்ஸ்னு எழுதினாங்க, கொண்டு வந்த அக்காவுக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷம் இருக்கே.

கார்க்கேஜ்

நாம கொண்டு போற பாட்டிலைத் திறக்க ஹோட்டல்காரங்க வாங்குற கட்டணம் இது. ஹோட்டல்ல வைக்கிறதா இருந்தா எத்தனை பாட்டில், பாட்டிலுக்கு எவ்வளவு, எத்தனை கிளாஸ் குடுப்பாங்கன்னு முன்னாடியே போன்ல கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

கார்

வேண்டாம். எங்க வீட்டு விருந்துல எம்ஆர்டி கடைசி ரயில் நேரத்தைப் பாத்துத்தான் கடைசி பாட்டிலை எப்பத் திறக்கிறதுன்னே முடிவு பண்ணுவேன்.