நிற்கும் ஸ்கூல் பஸ்ஸைத் தாண்டுவது: ஒன்டாரியோவில் செய்யக்கூடாத தவறுகள்

"நான் எதிர்ப்பக்கம்தானே வந்தேன், பஸ்ஸுக்குப் பின்னால் வருகிறவன்தானே நிற்கணும்?" இதற்காக அபராத டிக்கெட் வாங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி இது. கனடாவின் ஒன்டாரியோவில் இந்தக் கணக்கு செல்லாது. மஞ்சள் ஸ்கூல் பஸ் நின்று, அதன் மேலே சிவப்பு விளக்குகள் மினுக்கினால் இரண்டு திசையிலும் வருகிற எல்லா வண்டியும் நிற்க வேண்டும், நாலு லேன் சாலையானாலும் சரி, 80 கி.மீ. வேகத்தில் போகிற சாலையானாலும் சரி.

எதிரே வருகிறவருக்கு ஒரே விலக்கு, நடுவில் மீடியன் இருந்தால் மட்டும். நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான். மீடியன் என்றால் சாலையைப் பிரிக்கிற மேடு, பள்ளம், மண்திட்டு மாதிரி ஒன்று இருக்க வேண்டும். பெயிண்டில் அடித்த இரட்டை மஞ்சள் கோடு மீடியன் ஆகாது, இடதுபக்கம் திரும்புவதற்காக நடுவில் விட்டிருக்கிற லேனும் ஆகாது, சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும்.

முதல் தடவை மாட்டினால் 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம், கூடவே லைசன்ஸில் ஏறுகிற குற்றப் புள்ளிகள், அதாவது டிமெரிட் பாயிண்ட், 6. ஐந்து வருடத்துக்குள் திரும்பவும் மாட்டினால் 1,000 முதல் 4,000 டாலர், இன்னொரு 6 பாயிண்ட், ஆறு மாதம் வரை ஜெயிலும் கிடைக்கலாம். ஜி2 லைசன்ஸ் (முழு லைசன்ஸுக்கு முந்தைய கட்டம்) வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் 4 பாயிண்டோ அதற்கு மேலோ உள்ள ஒரே குற்றத்துக்கே 30 நாள் லைசன்ஸ் போய்விடும்.

கார் அப்பா பெயரில், ஓட்டியது மகன், போலீசும் பக்கத்தில் இல்லை, அப்புறம் என்ன என்று நினைக்காதீர்கள். பஸ் டிரைவர் நம்பர் பிளேட்டைக் குறித்துப் புகார் கொடுக்கலாம், சில பஸ்களில் கேமராவும் உண்டு. ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேல் வழக்கு போடலாம். அவருக்குப் பாயிண்ட் ஏறாது, ஆனால் அபராதத்தில் சலுகை எதுவும் கிடையாது.

2022 ஜூலையிலிருந்து ஸ்கூல் பஸ்களில் சிவப்புக்கு முன்னால் ஆரஞ்சு விளக்கு மினுக்கும். அது வேகத்தைக் குறைத்து நிற்கத் தயாராகச் சொல்கிறது, சிலருக்கோ அதுதான் ஆக்சிலரேட்டரை மிதிக்கிற நேரம். பின்னால் வருகிறவர் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளை ஏறியாயிற்றே என்று உடனே நகராதீர்கள், பஸ் கிளம்ப வேண்டும் அல்லது சிவப்பு விளக்கு அணைய வேண்டும்.

லீவுக்குக் காரிலேயே பஃபலோ, நியூயார்க் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தில் மீடியன் விலக்கே கிடையாது, நடுவில் எதை வைத்துப் பிரித்திருந்தாலும் எதிர்ப்பக்கம் வருகிறவரும் நிற்கத்தான் வேண்டும்.