ஒன்றரை நிமிட அனிமேஷன் படத்துக்குக் கதை பண்ணுவது எப்படி?

குழந்தைகளுக்காகக் குட்டியாக ஒரு அனிமேஷன் படம் எடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது சாஃப்ட்வேரைத்தான். அது ஒரு பிரச்சினையே இல்லை. பிளெண்டர், கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆள் மாட்டிக்கொள்வது கதையில்தான், அதனால் இங்கே அதை மட்டும் பார்ப்போம்.

நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆமாம், கதைக்கும் முன்னால். சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 அசையாப் படங்கள். கையால் வரையும்போது ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்து ஓட்டுவது வழக்கம், அப்படி ஓட்டினாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். ஒன்றரை நிமிடம் என்றால் 1,080 படம், மூன்று நிமிடம் என்றால் 2,160. பாத்திரம் அசையாமல் நிற்கிற ஷாட்களில் கொஞ்சம் மிச்சமாகும்தான், ஆனால் அதை நம்பிக் கதையை இழுக்காதீர்கள். வேலைக்கும் போய்க்கொண்டு தனியாகச் செய்பவர் என்றால் முதல் படம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

நீதியை மூட்டை கட்டி வையுங்கள்

'பகிர்ந்து உண்ண வேண்டும்', 'பொய் சொல்லக் கூடாது' என்று ஆரம்பித்தால் படத்தில் வருகிற முயல், ஆமை எல்லாம் வாத்தியாராகிவிடும், ஐந்து வயதுப் பிள்ளையும் அதை உடனே மோப்பம் பிடித்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு ஆள், ஒரு ஆசை, ஒரு தடை, இவ்வளவு போதும். அந்த ஆசை கண்ணுக்குத் தெரிகிற பொருளாக இருக்கட்டும். தன்னம்பிக்கையை எப்படி வரைவீர்கள்? கொடுக்காப்புளியை வரையலாம்.

சரி, கொடுக்காப்புளியையே எடுத்துக்கொள்வோம். ஒன்லைன், அதாவது ஒரே வரியில் கதை, இது: உயரக் கிளையில் தொங்கும் கொடுக்காப்புளியைத் தின்ன ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஆசை, மரத்தடியில் படுத்திருக்கும் எருமையோ அதைக் கண்டுகொள்வதே இல்லை. காய்ந்த, மங்கிய தரைக்கு மேலே இளஞ்சிவப்பாகச் சுருண்டு தொங்கும் காய் என்பதால், குட்டிக்கு என்ன வேண்டும் என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. மொத்தப் படத்திலும் வசனமே வேண்டாம் என்பது என் கட்சி. உதட்டசைவு வரைகிற வேலை மிச்சம், எந்த மொழிப் பிள்ளைக்கும் போட்டுக் காட்டலாம்.

மூன்று முயற்சி, மூன்று மனநிலை

குட்டி முதலில் குதிக்கிறது, எட்டவில்லை, ஆனாலும் அதற்கு அது விளையாட்டுதான். அடுத்து வீம்பாக மரத்தில் ஏறப் பார்க்கிறது, முள் குத்துகிறது. மூன்றாவதாக எருமையின் வாலைப் பிடித்து இழுத்துக் கெஞ்சுகிறது, எருமை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. குதிப்பதையே மூன்று விதமாகக் காட்டினால் அது ஒரே சீன்தான். ஒவ்வொரு முறையும் குட்டியின் முகம் மாற வேண்டும்.

வரையும் கஷ்டத்தையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். நாலு கால் நடை புதிதாகச் செய்பவருக்குப் பெரிய தலைவலி. அதனால்தான் குட்டி நடப்பதைவிட அதிகமாகக் குதிக்கிறது, எருமை பெரும்பாலும் படுத்தே கிடக்கிறது.

முடிவுக்கான விதை முதல் ஷாட்டில்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். மூன்று முயற்சியும் தோற்றதும் காற்று அடித்துக் காய் தானாக விழுந்தால் அது அதிர்ஷ்டம், கதை இல்லை. நம் படத்தின் முதல் ஷாட்டிலேயே எருமைக்கு முதுகு அரிக்கிறது. கொம்பு எட்டவில்லை, வால் எட்டவில்லை, மரத்தில் தேய்க்கப் போனால் முள். மூன்றே விநாடி காட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். கடைசியில் குட்டி சோர்ந்துபோய், சுற்றிப் போகக்கூடத் தெம்பில்லாமல் எருமை முதுகின் மேலேயே ஏறி நடக்கிறது. குளம்பு முதுகில் பதிகிறது. எருமையின் கண் மெல்லச் செருகுகிறது. குட்டி இறங்கப் பார்க்கும்போது, இறங்கிவிடாதே என்பதுபோல எருமை அப்படியே எழுந்து நிற்கிறது. காய் இப்போது குட்டியின் வாய்க்கு நேரே! மறுநாள் காலையில் குட்டி வருவதற்கு முன்பே எருமை மரத்தடியில் வந்து காத்திருக்கிறது. நட்பு, உதவி என்று யாரும் பாடம் எடுக்கவில்லை, இரண்டும் தத்தம் காரியத்தைப் பார்த்தன, அவ்வளவுதான்.

வரையாமல் சொல்லிப் பாருங்கள்

நாலிலிருந்து ஆறு வயதுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து வாயாலேயே கதையைச் சொல்லுங்கள். 'நல்லா இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாம் தலையாட்டிவிடும். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கதையை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் விட்டுவிடுகிற இடம் பெரும்பாலும் வெட்ட வேண்டிய இடம். 'எருமை ஏன் எழுந்துச்சு?' என்று கேட்டால் அரிப்பு ஷாட் பதியவில்லை என்று அர்த்தம், அதை இன்னும் ஒரு விநாடி நீட்டுங்கள்.

அப்புறம் ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக்

கதையை ஷாட் ஷாட்டாக வரைந்து வரிசைப்படுத்திப் பார்ப்பதுதான் ஸ்டோரிபோர்டு. 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் உருவான வழக்கம் இது. ஒவ்வொரு படத்தையும் தனித் தாளில் வரைந்து பலகையில் குத்தி வைத்தார்கள். தனித் தாள் என்பதால் இடம் மாற்றலாம், பிடிக்காததைப் பிடுங்கிப் போடலாம். நீங்களும் ஒரே நோட்டில் வரிசையாக வரையாமல் துண்டுத் தாளில் ஷாட்டுக்கு ஒன்றாகக் கிறுக்குங்கள். குச்சி ஆடு, உருண்டை எருமை போதும்.

அவற்றைச் செல்போனில் படம் பிடித்து, ஏதாவது ஒரு எடிட்டிங் ஆப்பில் ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்க வேண்டுமோ அத்தனை விநாடி வைத்து, 'மே' சத்தத்தையும் நீங்களே கொடுத்து ஓட்டினால் அதுதான் அனிமேட்டிக். பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டித்தான் நிற்கும். முதலில் கை வைக்க வேண்டியது சூரியன் உதிப்பது, ஊரை வளைத்துக் காட்டுவது மாதிரியான ஆரம்ப ஷாட்களில். அரிப்பிலிருந்தே படம் தொடங்கட்டும்.

90 விநாடிக்குள் அடங்கிய பிறகு வரைய உட்காருங்கள். முதல் ஷாட்டிலிருந்து தொடங்க வேண்டாம், குட்டியோடு எருமை எழுகிற ஷாட்டை முதலில் வரைந்து பாருங்கள். இருப்பதிலேயே கடினமானது அதுதான், வரவில்லை என்றால் முடிவை மாற்ற இன்னும் நேரம் இருக்கும்.