பதின்ம வயதுப் பிள்ளைகளின் ஆரோக்கிய இலக்குகள்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் பல வீடுகளில் சுவரில் ஒரு புது அட்டவணை ஏறும். காலை நாலரைக்கு எழ வேண்டும், யோகா செய்ய வேண்டும், முளைகட்டிய பயறு சாப்பிட வேண்டும், இரவு பத்துக்கு மேல் போன் கூடாது. ஜூலை பிறக்கும்போது அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. "இவனுக்கு எதிலுமே உறுதி கிடையாது" என்று பிள்ளையின் தலையில் பழி விழும். பெரும்பாலும் கோளாறு பிள்ளையிடம் இல்லை. அட்டவணையை எழுதியது யார் என்பதில்தான் இருக்கிறது.

முதல் தவறு இதுதான்: நம் கவலையை அவர்களுடைய இலக்காக எழுதிவிடுகிறோம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். தானே தேர்ந்தெடுத்த காரியத்தில் மனிதர்கள் நீடிப்பது போல, பிறர் திணித்ததில் நீடிப்பதில்லை என்பது அவர்கள் சொன்னவற்றில் முக்கியமானது. பதினான்கு, பதினைந்து வயதில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். அதனால் அட்டவணையோடு போகாமல் ஒரு கேள்வியோடு போங்கள். "இப்போ உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" பதில் நாம் எதிர்பார்த்ததாக இருக்காது. "மத்தியானம் கிளாஸ்ல தூக்கமா வருது." "பீரியட்ஸ் வந்தா ஸ்கூலுக்குப் போகவே பிடிக்கல." "பிரெண்ட்ஸ் யாரும் என்னைக் கூப்பிட மாட்டேங்கிறாங்க." அந்தப் பதிலிலிருந்துதான் இலக்கு தொடங்க வேண்டும். மத்தியானத் தூக்கத்தைப் பற்றிப் பேசும் பிள்ளையிடம் முளைகட்டிய பயறைப் பற்றிப் பேசினால், அவள் அடுத்த முறை வாயே திறக்க மாட்டாள்.

அடுத்தது எடை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகக் காயம் இங்கேதான் ஏற்படுகிறது. கல்யாண வீட்டில் கால் வைத்ததுமே "என்னடி, குண்டாயிட்டே" என்று ஒரு அத்தை ஆரம்பிப்பார். வீட்டுக்கு வந்ததும் "ரெண்டு மாசத்துல அஞ்சு கிலோ குறைக்கணும்" என்று இலக்கு வைப்போம். பருவமடையும் வயதில் பெண்பிள்ளைகளின் உடலில் கொழுப்பு கூடுவது இயற்கையான வளர்ச்சி. உயரமும் எடையும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகத்தான் ஏறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டில் எடையைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்கிறது. டயட் இருப்பது, எடையைப் பற்றிப் பேசுவது, கேலி செய்வது ஆகியவை உடல் பருமனுக்கும் உண்ணுதல் கோளாறுகளுக்கும் வழிவகுக்கின்றன என்றும், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது பிள்ளைகளைப் பாதுகாக்கிறது என்றும் அது சொல்கிறது. பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை காரணமாக டாக்டரே எடையைக் கவனிக்கச் சொல்லியிருந்தாலும் இலக்கைச் செயலாக எழுதுங்கள்: காலையில் சாப்பிடாமல் கிளம்பாமல் இருப்பது, சாயங்காலம் நடப்பது, பாட்டில் பானங்களுக்குப் பதில் மோர். தினமும் எடை மெஷினில் ஏற வைக்காதீர்கள். அந்த எண்ணை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

பையன்களுக்கு இதே தொல்லை வேறு வடிவில் வருகிறது. ரீல்ஸில் பார்த்த சிக்ஸ் பேக்குக்காக ஜிம்மில் சேர்ந்து, அங்கே யாரோ சொன்ன புரோட்டீன் பவுடரை வாங்குகிறார்கள். முட்டை, பருப்பு, சுண்டல், நிலக்கடலை, மீன் என்று ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்குப் பவுடர் அவசியமில்லை. டாக்டரைக் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம் என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

மூன்றாவது, எல்லா இலக்குகளையும் தூக்கத்தைத் திருடி நிறைவேற்றுவது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். டியூஷன் முடிந்து வீட்டுப்பாடம் எழுதிப் பதினொன்றுக்குப் படுக்கும் பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்தான். போதாததற்கு, பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வராததைச் சோம்பலோடு சேர்க்க முடியாது. எந்த இலக்கை எழுதும் முன்பும் தூங்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது குறைகிறது என்றால் மற்றதைக் குறையுங்கள், அது அதிகாலை ஸ்பெஷல் கிளாஸாக இருந்தாலும் சரி. அப்புறம், இரவில் போனை ஹாலில் வைக்க வேண்டும் என்றால் அப்பாவின் போனும் அங்கேதான் இருக்க வேண்டும்.

உடற்பயிற்சியில் நாம் செய்யும் தவறு, இலக்கை மொட்டையாக எழுதுவது. "தினமும் எக்சர்சைஸ்" என்று எழுதினால் அது நடக்காது. எப்போது, எங்கே, எதை முடித்த கையோடு என்பதையும் சேர்த்து முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்வது அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். "டியூஷனிலிருந்து வந்து பையை வைத்ததும் மொட்டை மாடியில் இருபது நிமிஷம் ஸ்கிப்பிங்" என்பது நடக்கக்கூடிய இலக்கு. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. சைக்கிளில் பள்ளிக்குப் போவது, சாயங்காலக் கிரிக்கெட், வீட்டில் போடும் டான்ஸ் எல்லாமே கணக்கில் வரும். கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் பி.டி. பீரியடைத் திரும்பக் கேட்பதும் பெற்றோர் கூட்டத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலைதான்.

ஒரு நாள் விட்டுப்போனால் "பார்த்தியா, மூணு நாள்கூட முடியல" என்று சொல்லிவிடாதீர்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலியும் அவரோடு இருந்தவர்களும் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரப் பாதிப் பேருக்கு 66 நாட்களுக்கு மேல் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. அவர்கள் பெரியவர்கள். பள்ளிப் பிள்ளைக்கு நாம் அதைவிடக் குறைவான பொறுமையா காட்டுவது?

இன்னொன்று, நோயைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிக்கொண்டு அதற்கு இலக்கு வைப்பது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பையன்களிலும் 31.1 சதவீதம். படியேறினால் மூச்சு வாங்கும், எதிலும் கவனம் நிற்காத பிள்ளையிடம் "சுறுசுறுப்பா இரு" என்று சொல்வதில் பயனில்லை. முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடுவது உண்டு. சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும். டீ, காபியோடு போட்டால் சத்து சரியாகச் சேராது. கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். "இந்த மாத்திரையை வாராவாரம் தவறாமல் போடுவேன்" என்று ஒரு பெண் தானே எழுதினால், அந்த வருடத்துக்கு அதைவிட நல்ல இலக்கு வேண்டியதில்லை.

கடைசியாக மனசு. உடம்புக்குப் பத்து இலக்கு எழுதுகிறவர்கள் மனசுக்கு "தினமும் தியானம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தோழியிடம் மனம்விட்டுப் பேசுவது, வாரத்தில் ஒரு சாயங்காலம் மார்க்குக்கு உதவாத ஒன்றை ஆசைக்காகச் செய்வது, இதெல்லாமும் இலக்குதான். அவற்றை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு அந்த நோட்டை எடுத்துப் படிக்காதீர்கள். அதே சமயம், இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிள்ளை பேசாமல் ஒதுங்கியிருந்தால், சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால், வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போல ஒரு சொல் வந்தால், இலக்கு அட்டவணையை மூடி வையுங்கள். பிள்ளையை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பிள்ளை பேசத் தயங்கினால் நீங்களே முதலில் பேசி என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளலாம்.