கியர் ஆயில்: ஒரு சொட்டும் சிந்தாமல்

திருநகர் வீட்டு வாசலில் போன வருடம் காருக்குக் கியர் ஆயில் ஊற்றியபோது பாதி தரையில்தான் போனது. கோலம் போடும் இடம் அது. கறை போகவே இல்லை. அம்மா முகம் வாடியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்த முறை கொத்தனார் மட்டம் பார்க்கும், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டர் வாங்கினேன். ஒரு முனையில் புனலைச் செருகி, பானட் வழியாக இறக்கி, மறுமுனையைக் கியர்பாக்ஸின் பக்கவாட்டுத் துளைக்குள் விட்டேன். ஆயில் கேனை முதலில் ஒரு மணி நேரம் சித்திரை வெயிலில் வைத்தேன். மதுரை வெயில் இதற்காவது உதவட்டும்! தேன் மாதிரி இருந்தது இளகி, சரசரவென இறங்கியது.

ஒன்றை மறக்கவே கூடாது. பழைய ஆயிலை வடிக்கும் முன் ஊற்றும் துளையின் போல்ட் கழலுகிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழலாமல் இறுகிக்கொண்டால் புது ஆயில் ஊற்ற வழியில்லை, வண்டியை ஓட்டவே முடியாது.

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். துளை விளிம்பில் ஆயில் கசியத் தொடங்கினால் அளவு சரி. கீழே ஒரு பழைய தாம்பாளம், அதன்மேல் மரத்தூள். அப்புறம் புது வாஷர் போட்டு முடுக்கினேன். தரையில் ஒரு சொட்டு இல்லை.