கிரைண்டர் டிஸ்க்கின் விளிம்பு என்ன வேகத்தில் ஓடுகிறது?

ஆங்கிள் கிரைண்டரில் இரும்பை அறுக்கும்போது பொறி பறக்கும் திசையைக் கவனியுங்கள். டிஸ்க் இரும்பைத் தொடும் இடத்திலிருந்து நேர்கோட்டில் கிளம்பும். அதுதான் தொடுகோடு. அந்த இடத்தில் விளிம்பு ஓடும் வேகமே தொடுகோட்டு வேகம். ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, டிஸ்க் முழுவதற்கும் ஒன்றுதான். தொடுகோட்டு வேகமோ மையத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கூடும்.

ஒரு சுற்றில் விளிம்பு கடப்பது சுற்றளவு, அதாவது 3.1416 × விட்டம். அதை ஆர்பிஎம்மால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும்.

4 இஞ்ச் டிஸ்க் 100 மி.மீ., அதாவது 0.1 மீட்டர். மெஷின் தகட்டில் 11,000 ஆர்பிஎம் என்றிருந்தால்:

3.1416 × 0.1 × 11,000 ÷ 60 = 57.6 மீ/நொடி

3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 207 கி.மீ. அதே டிஸ்க்கில் மையத்திலிருந்து 2 செ.மீ. தள்ளியுள்ள புள்ளிக்கு 23 மீ/நொடிதான்.

விடை ஆயிரக்கணக்கில் வந்தால் மி.மீ.-ஐ மீட்டராக்கவில்லை, அல்லது 60-ஆல் வகுக்கவில்லை. சரியாகப் பாதியோ இரட்டிப்போ வந்தால் ஆரமும் விட்டமும் இடம் மாறிவிட்டன. கோண வேகத்தை (நொடிக்கு எவ்வளவு கோணம் சுழல்கிறது என்பதை) ஆரத்தால் பெருக்கிப் போடுபவர்கள் அதை ரேடியனில் வைக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று 6.2832 ரேடியன்; 11,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 1,152 ரேடியன்: 1,152 × 0.05 = 57.6. டிகிரியில் போட்டால் விடை உளறும்.

இந்தக் கணக்கு உயிர் காப்பது டிஸ்க் மாற்றும்போது. கட்டிங் டிஸ்க்கில் பொதுவாக 80 மீ/நொடி என்று அச்சிட்டிருக்கும். அதுதான் உச்ச வரம்பு. 7 இஞ்ச் (180 மி.மீ.) டிஸ்க்குக்குத் திருப்பிப் போட்டால், 80 × 60 ÷ (3.1416 × 0.18), ஏறக்குறைய 8,500 ஆர்பிஎம். சில பட்டறைகளில் கார்டை (டிஸ்க்கை மறைக்கும் காப்புத் தகட்டை) கழற்றிவிட்டு, துளைக்கு வாஷர் கொடுத்து, இதை 11,000 ஆர்பிஎம் மெஷினில் மாட்டுகிறார்கள். விளிம்பு 104 மீ/நொடியைத் தொடும். டிஸ்க்கைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், வரம்பில் இருப்பதைப்போல் சுமார் 1.7 மடங்கு. பிய்ந்த துண்டும் பொறியைப் போலவே தொடுகோட்டில்தான் பாயும். அந்தப் பாதையை மறிக்கும் ஒரே பொருளான கார்டு அப்போது மேசைமேல் கிடக்கும்.

தகட்டில் உள்ளது சுமையில்லாத வேகம். அழுத்தி அறுத்தால் குறையும், ஆனாலும் பாதுகாப்புக்கு அந்த எண்ணையே எடுங்கள். தேய்ந்து 80 மி.மீ. ஆன டிஸ்க்கின் விளிம்பு 46 மீ/நொடிதான். அது மெதுவாக அறுப்பதற்கு மெஷின்மேல் பழி போடாதீர்கள்.